மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்: கல்லீரல் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, தவணை வசூல் எல்லாம் முடிந்து தீர்மான நோட்டு எழுதுகிற நேரம். ஓர் அக்கா எழுந்து ஐயாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார்.

"எதுக்குக்கா?" என்றார் ஊக்குநர்.

"மருமகளுக்கு ஏழு மாசம். ஆஸ்பத்திரி அட்டையில மஞ்சக்காமாலை பாசிட்டிவ்னு எழுதிட்டாங்க. பக்கத்து ஊர் வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போய் கீழாநெல்லி மருந்து கொடுக்கணும்."

"கண்ணு மஞ்சளா இருக்கா?"

"இல்லையே. அவ நல்லாத்தான் இருக்கா. அதான் ஒண்ணும் புரியல."

உடனே ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். "நாலு நாள் உப்பில்லாப் பத்தியம் இருந்தா சரியாயிடும்" என்றார் ஒருவர். "அவ தட்டு, டம்ளரைத் தனியா வச்சிடுங்க" என்றார் இன்னொருவர். ஏற்கெனவே தனியாகத்தான் வைத்திருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மேடம், நீங்க சொல்லுங்க."

எனக்கும் பாதிதான் தெரிந்திருந்தது. தெரிந்தவரை சொல்லிவிட்டு, மறுநாள் டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். இந்தக் கேள்வி எல்லாக் குழுவிலும் வரக்கூடியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கல்லீரல் எங்கே இருக்கிறது? என்ன செய்கிறது?

வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை. நாம் சாப்பிட்டது குடலில் செரித்து, ரத்தத்தில் கலந்து, முதலில் வந்து சேரும் இடம் இதுதான். தேவையான சத்தைச் சேமித்து வைக்கும், வேண்டியபோது எடுத்துக் கொடுக்கும், சாராயம், மாத்திரை மாதிரியானவற்றை உடைத்து வெளியே தள்ளும். காயம் பட்டால் ரத்தம் உறைவதற்கான பொருள்களைத் தயாரிப்பதும் கல்லீரல்தான். நம் குழுவுக்கு ஊக்குநர், கணக்காளர், பிரதிநிதி என்று தனித்தனி ஆள் உண்டு. உடம்பில் இத்தனை வேலையையும் ஒரே உறுப்பு பார்க்கிறது.

கல்லீரலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீதி வளர்ந்து நிரம்பிக்கொள்ளும். அதனால்தான் உயிரோடு இருக்கும் ஒருவர் தன் கல்லீரலில் பாதிக்கு மேல்கூட இன்னொருவருக்குத் தானமாகக் கொடுக்க முடிகிறது.

ஒரு கெட்ட குணமும் உண்டு. அது வலித்துக் காட்டாது. பாதி கெட்டுப்போனாலும் மீதியை வைத்து வேலையை ஓட்டிவிடும். நமக்குத் தெரிய வரும்போது பல சமயம் நோய் முற்றியிருக்கும்.

மஞ்சள் காமாலை ஒரே நோய் இல்லை

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் சுமார் 120 நாள்தான் உயிரோடு இருக்கும். பழையவை அழியும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகும். கல்லீரல் அதை எடுத்துப் பித்தநீர் வழியாக வெளியே அனுப்பிவிடும். கல்லீரலுக்கு முடியாமல் போனாலோ, பித்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழிந்தாலோ அந்த மஞ்சள் ரத்தத்தில் தங்கிவிடும். கண்ணும் தோலும் மஞ்சளாகும். சிறுநீர் அடர்ந்து போகும்.

ஆகவே மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறி. காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் சளியால் வரலாம், டைஃபாய்டால் வரலாம், டெங்குவால் வரலாம். அதுபோல இதற்கும் வைரஸ், குடி, மாத்திரை, பித்தப்பைக் கல், எலி மருந்து விஷம் என்று பல காரணம் உண்டு. எதனால் வந்தது என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால்தான் சரியான வைத்தியம் சொல்ல முடியும்.

தண்ணீரில் வருவதும் ரத்தத்தில் வருவதும்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் நினைவில் வைக்க இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஏ, ஈ இரண்டும் சாக்கடை கலந்த தண்ணீர், சுத்தமில்லாத சாப்பாடு வழியாக வருபவை. 1955-56ல் டெல்லியில் குடிநீரில் கழிவுநீர் கலந்ததால் 29,000 பேருக்கும் மேல் மஞ்சள் காமாலை வந்தது. அது ஈ வைரஸ் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இந்த இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஈ வைரஸ் கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில் வந்தால், உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பி, சி இரண்டும் ரத்தத்தின் வழியாகப் பரவும். சுத்தம் செய்யாத ஊசி, பரிசோதிக்காத ரத்தம் ஏற்றுவது, உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பல வழி உண்டு. இவை கல்லீரலிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிடலாம். கண் மஞ்சளாகாது, வலிக்காது. இருபது முப்பது வருஷத்தில் கல்லீரலில் தழும்பு விழுந்து, அது இறுகிச் சுருங்கி, சிரோசிஸ் ஆகலாம். புற்றுநோயும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தது. அதில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

அந்த மருமகளின் அட்டையில் எழுதியிருந்தது இந்த பி வைரஸைத்தான். கர்ப்பிணிகளுக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அதில் பாசிட்டிவ் என்றால் உடம்பில் பி வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். கண் மஞ்சளாக இல்லையே என்று அதை அலட்சியம் செய்ய முடியாது.

கீழாநெல்லி கேட்காதா?

கூட்டத்தில் எல்லாரும் கேட்ட கேள்வி இதுதான். "எங்க அம்மா காலத்துலேர்ந்து கீழாநெல்லிதானே? எத்தனை பேருக்குக் குணமாயிருக்கு!"

கேள்வி நியாயமானது. ஆராய்ச்சியாளர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அதுவும் நம் சென்னையிலேயே. தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் இந்த ஆராய்ச்சியைச் செய்தார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர் அமெரிக்காவின் பரூக் புளும்பெர்க். பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976ல் நோபல் பரிசு வாங்கியவர் இவர். கீழாநெல்லியை அவ்வளவு பெரிய விஞ்ஞானி மதித்து எடுத்துப் பார்த்திருக்கிறார்.

பி வைரஸ் உள்ளவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி. இன்னொரு பிரிவுக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் மருந்தில்லாத பொடி. 1988ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

விஞ்ஞானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்டதை இன்னொருவரும் செய்து பார்க்க வேண்டும். நம் குழுக் கணக்கை வெளி ஆள் வந்து தணிக்கை செய்வதில்லையா, அதுபோல. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011ல் காக்ரேன் என்ற அமைப்பு, கீழாநெல்லி வகைச் செடிகளை வைத்து நடந்த 16 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பி வைரஸை இது குணமாக்கும் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று சொன்னது.

அப்படியென்றால் நம் ஊரில் குணமானவர்கள் எப்படிக் குணமானார்கள்? அவர்களில் பலருக்கு வந்தது தண்ணீரில் வரும் ஏ அல்லது ஈ வைரஸாக இருந்திருக்கும். கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது சில வாரங்களில் சரியாகியிருக்கும். அதனால்தான் ஆராய்ச்சியில் மருந்தில்லாத பொடி கொடுத்தும் பார்க்கிறார்கள். மருந்தால் சரியானதா, தானாகச் சரியானதா என்று வேறு எப்படித் தெரியும்?

நம் பாட்டிமார் அறிவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களிடம் ரத்தப் பரிசோதனை இல்லை. நம்மிடம் இருக்கிறது. பரிசோதனை செய்யாமல் நாள் கடத்துவதுதான் தப்பு. இன்னொன்று, பொட்டலத்தில் வரும் பெயர் தெரியாத பொடி, லேகியம் எல்லாம் வெறும் கீழாநெல்லி இல்லை. இப்படிப்பட்ட மருந்துகள் சிலருக்குக் கல்லீரலையே கெடுத்திருப்பதை நம் நாட்டு டாக்டர்களே பதிவு செய்திருக்கிறார்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும்கூட இருந்திருக்கின்றன. கையில் சூடு போடுவதும் கண்ணில் சாறு விடுவதும் கல்லீரலுக்கு ஒரு நன்மையும் செய்யாது. உப்பு, எண்ணெய் இல்லாமல் பட்டினி போல் பத்தியம் இருந்தால் உடம்பு இன்னும் தளர்ந்துவிடும்.

வட்டி நிற்கும், அசல் இருக்கும்

பி வைரஸுக்கு இப்போது டெனோஃபோவிர், என்டகாவிர் என்ற நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. இவை எப்படி வேலை செய்கின்றன என்று நம் பாஷையிலேயே சொல்கிறேன். பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் போய், தன் பக்கம் ஒன்றை நம் கணக்கு நோட்டுக்குள் செருகி வைத்துவிடுகிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்துப் பெருகுகிறது. மாத்திரை நகல் எடுப்பதை நிறுத்திவிடும். செருகிய பக்கம் அப்படியே இருக்கும். கடனில் வட்டி ஏறுவது நின்றுவிட்டது, அசல் இருக்கிறது என்பது மாதிரி. அதனால்தான் பலர் இதை வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் வைரஸ் வேகமாகத் திரும்பி வந்து கல்லீரலைத் தாக்கலாம்.

வட்டி நின்றதே பெரிய லாபம். முன்பெல்லாம் சிரோசிஸ் வந்தால் திரும்பாது என்பார்கள். 2013ல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வில், சிரோசிஸ் இருந்த 96 பேர் ஐந்து வருஷம் டெனோஃபோவிர் சாப்பிட்டார்கள். கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது 71 பேருக்கு சிரோசிஸ் இல்லை. தாக்குதலை நிறுத்தினால் கல்லீரல் தழும்பைக்கூட ஆற்றிக்கொள்ளும் என்பதை இது காட்டியது.

அசலையும் அடைக்க முடியுமா என்று இப்போது ஆராய்கிறார்கள். பெப்பிரோவிர்சன் என்ற புதிய ஊசி மருந்தின் ஆய்வு 2022ல் வெளிவந்தது. அதில் 24 வாரம் ஊசி போட்டவர்களில் 100க்கு 9, 10 பேருக்கு வைரஸின் அடையாளமே மறைந்து, மருந்து நிறுத்திய பிறகும் ஆறு மாதம் வரை அப்படியே இருந்தது. எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் இது நல்ல ஆரம்பம்.

சி வைரஸ் விஷயத்தில் அசலே அடைந்துவிடும். 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100க்கு 95 பேருக்கு மேல் முழுசாகக் குணமாகிறது.

முதல் 24 மணி நேரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பெரியவர்களுக்கு பி வைரஸ் தொற்றினால் 100க்கு 95 பேருக்கு மேல் உடம்பே விரட்டிவிடும். பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால் கதை தலைகீழ். 100ல் சுமார் 90 குழந்தைகளுக்கு அது தங்கிவிடும். பிறக்கும்போது வந்த நோய், முப்பது நாற்பது வயதில், வீட்டையே தாங்கும் நேரத்தில், கல்லீரலைக் கெடுக்கும்.

இதைத் தடுக்க ஊசி இருக்கிறது. அந்த ஊசியில் வைரஸ் கிடையாது. வைரஸின் மேல்தோலில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்டில் வளர்த்து எடுக்கிறார்கள். அதைப் பார்த்து உடம்பு வைரஸை அடையாளம் கண்டுகொள்ளும். முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அப்புறம் 6, 10, 14 வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலேயே இதுவும் சேர்ந்திருக்கிறது. தாய்க்கு பாசிட்டிவ் என்றால் குழந்தைக்குப் பிறந்த உடனே இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் போட வேண்டும். தாய்க்கு வைரஸ் அளவு அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். இவ்வளவும் செய்தால் குழந்தைக்கு வராமல் தடுப்பது பெரும்பாலும் முடிகிற காரியம்.

தைவானில் 1984ல் பாசிட்டிவ் தாய்மார்களின் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட ஆரம்பித்து, 1986ல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் நாட்டில் 2011 முதல் எல்லா மாநிலத்திலும் அரசே இலவசமாகப் போடுகிறது. 2018ல் ஆரம்பித்த தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் தடுப்புத் திட்டத்தில் பரிசோதனை, மாத்திரை, இம்யூனோகுளோபுலின் ஊசி எல்லாம் இலவசம். கடன் வாங்கி வைத்தியரிடம் போக வேண்டிய அவசியமே இல்லை.

தட்டைத் தனியாக வைக்காதீர்கள்

பி வைரஸ் ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது. ஒரே டம்ளரில் குடிப்பதால், தொடுவதால், இருமுவதால் வராது. அவர் சமைத்ததைச் சாப்பிட்டாலும் வராது. ஊசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்க வேண்டும். ரத்தம் படக்கூடிய பொருள் என்பதால். கணவரும் வீட்டில் உள்ள மற்றவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசி.

பாசிட்டிவ் என்றதும் பெண்ணின் நடத்தையைச் சந்தேகப்படுகிற வீடுகள் உண்டு. நம் நாட்டில் நிறையப் பேருக்கு இது பிறக்கும்போதோ குழந்தையாக இருக்கும்போதோ வந்தது. அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை.

அந்த அக்கா கேட்ட கடன்

குழு அவருக்கு ஐயாயிரம் கொடுக்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். நர்ஸம்மாவும் கூடப் போனார். வைரஸ் அளவு அதிகமாக இருந்ததால் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பிரசவம். அட்டையின் மேலேயே சிவப்பு மையில் 'பாசிட்டிவ், குழந்தைக்கு இரண்டு ஊசி' என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் போன வாரம் வீட்டுக்குப் போனபோது அந்த அக்கா சொன்னார்: "தட்டை மறுபடி ஒண்ணாச் சேத்துட்டேன் மேடம். புள்ள அழுதுட்டா."

குழுவில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் கர்ப்பிணிகள் யார் யார்? அவர்கள் அட்டையில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. முடிவு எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

2. பிரசவத்துக்குத் துணைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள போடுற மஞ்சக்காமாலை ஊசி போட்டாச்சா?"

3. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. கூடவே ஓயாத வாந்தி, குழப்பமான பேச்சு, பகலில் மயக்கத் தூக்கம், ரத்த வாந்தி, கருப்பாக மலம், வயிறு வீங்குவது இருந்தால் உடனே 108க்கு போன் செய்யுங்கள்.

4. கல்லீரல் நோய் உள்ளவர் வீட்டில் குடிப்பழக்கம் இருந்தால் அது முழுசாக நிற்க வேண்டும். காய்ச்சல் மாத்திரையைக்கூட டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

5. குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். உங்கள் ஊர்க் குழாய் சாக்கடை ஓரமாக உடைந்து கிடந்தால் ஊராட்சியில் குழு சார்பாக மனு கொடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழுவில் எத்தனை கர்ப்பிணிகளின் அட்டையைப் பார்த்தீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.